பொது ஒலிபரப்பகம்: ‘வெஷானா கிஷ்தீ’ என்னும் குர்தியத் தொடரின் வழியே ஒரு சொல் விளக்கம்

குர்தியர் துருக்கி, ஈராக், ஈரான், சிரியா ஆகிய நாடுகளில் பரவி, தமக்கெனத் தனிநாடு இல்லாமல் வாழும் மக்கள். அவர்களின் குர்திய மொழி பேசும் தனிநாடு ஒன்றைக் கற்பனையில் படைத்து, அதற்குக் கொடி, நாணயம், அஞ்சல்தலை, தேசியத் தொலைக்காட்சி என்று ஒவ்வொன்றாக வடிவமைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. அந்தக் கற்பனை நாட்டின் ‘நேஷனல் பப்ளிக் பிராட்காஸ்டர்’ பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால், நிறுவனத்தின் பெயரை எழுதும்போதே பேனா தயங்கும். ‘தேசிய அரசுத் தொலைக்காட்சி’ என்பதா, ‘பொதுத்துறை ஒளிபரப்பு நிறுவனம்’ என்பதா, இலங்கை வழக்கைப் பின்பற்றி ‘ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்’ என்பதா? மூன்றும் தமிழில் புழங்குபவைதாம். ஆனால் மூன்றும் ஒரே பொருளைத் தரவில்லை. குர்திய மொழி இதே கருத்தை ‘வெஷானா கிஷ்தீ’ என்கிறது. அத்தொடரைப் பிரித்துப் பார்த்தால் நமக்கு வேண்டிய சொல்லுக்கும் வழி கிடைக்கிறது.

முதலில் ‘பிராட்காஸ்ட்’. இது வானொலிக்கு முன்பே வயலில் இருந்த சொல். நாற்று நடாமல், வரிசையாகவும் இடாமல், விதையைக் கையில் அள்ளி நிலமெங்கும் விழும்படி வீசுவதே அதன் பழைய பொருள். நம் உழவர்கள் கைவிதைப்பு என்றும் தெளிப்பு என்றும் சொல்வது இதைத்தான். தந்தியும் தொலைபேசியும் இன்னாரிடமிருந்து இன்னாருக்கு என்று செய்தியைக் கொண்டுபோயின. வானொலியோ, கருவி வைத்திருக்கும் எவரும் கேட்டுக்கொள்ளட்டும் என்று அலையை வீசியது. முகவரி இல்லாத இந்தச் செய்தியைக் குறிக்க, 1920களில் ஆங்கிலம் உழவனின் சொல்லை எடுத்துக்கொண்டது.

குர்திய மொழியின் குர்மாஞ்சி வழக்கில் ‘வெஷீன்’ என்றால் உதிர்தல்; மரத்திலிருந்து இலை விழுவதைச் சொல்லும் வினை. அதன் பிறவினை ‘வெஷாந்தின்’: உதிர்த்தல், கிளையை உலுக்கிக் கனியை விழச் செய்தல், தூவுதல். இவ்வினையிலிருந்து வந்த பெயர்ச்சொல்லே ‘வெஷான்’. நூலை வெளியிடுவதற்கும் வானொலியில் பேசுவதற்கும் இந்த ஒரே சொல் போதுமானதாக இருக்கிறது. ‘வெஷான்கானெ’ என்றால் பதிப்பகம். ‘வெஷானா ஸிந்தீ’ என்றால் நேரலை, சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘உயிருள்ள ஒலிபரப்பு’. அண்டை மொழியான துருக்கியத்திலும் பரப்புதல் என்னும் வினையிலிருந்து பிறந்த ‘யாயின்’ பதிப்பு, ஒலிபரப்பு என்னும் இரண்டையும் சுமக்கிறது. ஈராக்கிலும் ஈரானிலும் வழங்கும் சொரானி வழக்கிலோ ‘பெக்ஷ்’ என்பதே பெருவழக்கு. பாரசீகத்தில் பரப்புதலையும் பகிர்ந்தளித்தலையும் குறிக்கும் ‘பக்ஷ்’ என்பதன் உறவுச்சொல் அது. அரபு மொழியின் ‘இதாஆ’வும் செய்தியை எங்கும் பரவச் செய்தல் என்னும் பொருளிலிருந்தே வந்தது. இந்தியில் ‘பிரசார்’ என்பதும் அப்படியே.

இந்த வரிசையில் தமிழும் பிசகாமல் நிற்கிறது. பரத்தல் தன்வினை, பரப்புதல் பிறவினை. வெஷீன், வெஷாந்தின் என்ற இணையை அப்படியே ஒத்த இணை இது. எனவே ஒலிபரப்பு என்னும் சொல்லாக்கத்தில் குறையில்லை. குறை இருப்பது வேறோர் இடத்தில். தமிழ் பரப்பப்படும் பொருளையும் சொல்லுக்குள் சேர்த்துக்கொண்டது: ஒலியைப் பரப்பினால் ஒலிபரப்பு, ஒளியைப் பரப்பினால் ஒளிபரப்பு. ஓர் எழுத்து வேறுபாட்டில் வானொலியையும் தொலைக்காட்சியையும் பிரித்துவிடும் நயம் எனக்குப் பிடித்தமானதே. ஆனால் லகரமும் ளகரமும் பலர் நாவில் ஒன்றாகிவிட்டதால், அந்த நயம் காதுக்கு எட்டாமல் கண்ணோடு நின்றுவிடுகிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டையும் ஒருங்கே செய்யும் நிறுவனத்துக்குத் தமிழில் ஒற்றைச் சொல் இல்லாமற் போனதும் இதனால்தான். ஈரான் தன் அரசு நிறுவனத்துக்கு ‘சதா வ சீமா’, அதாவது ‘குரலும் முகமும்’ என்று பெயரிட்டு இரண்டையும் அருகருகே வைத்தது. பொருளை விட்டுவிட்டுப் ‘பரப்பகம்’ என்று சுருக்கினால் என்ன என்று கேட்கலாம். பரப்புரை என்னும் சொல் தமிழில் வேரூன்றிவிட்ட பிறகு, ‘பரப்பகம்’ என்றதும் கொள்கை விளக்கக் கூட்டம்தான் நினைவுக்கு வரும். பொது நிறுவனம் ஒன்று விலகி நிற்கவேண்டியதே அந்த வேலையிலிருந்துதானே.

இனி ‘கிஷ்தீ’. குர்தியத்தில் ‘கிஷ்த்’ என்றால் எல்லாம், முழுவதும். அதிலிருந்து வரும் ‘கிஷ்தீ’ எல்லாருக்கும் உரியது என்றும், சிறப்பானதல்லாத பொதுவானது என்றும் இரு பொருள் தரும். தமிழ்ப் ‘பொது’வும் இதே இரட்டைப் பொருள் கொண்டது, பொது அறிவு என்னும்போது ஒரு பொருள், பொதுக்கிணறு என்னும்போது இன்னொன்று. ஊரார் கூடும் இடத்தைச் சங்கத் தமிழ் ‘பொதியில்’ என்றது. அங்கே அமர எவரும் எவரிடமும் ஒப்புதல் பெற வேண்டியதில்லை. ‘பப்ளிக் பிராட்காஸ்டர்’ என்பதில் உள்ள ‘பப்ளிக்’ இந்தப் பொதியிலின் ‘பொது’தான்.

ஆனால் நடைமுறைத் தமிழில் இந்தப் ‘பொது’ வேறு பக்கம் சாய்ந்துவிட்டது. பொதுத்துறை வங்கி, பொதுத்துறை நிறுவனம் என்று எழுதியெழுதி, பொது என்றால் அரசுடைமை என்ற பொருள் படிந்துவிட்டது. அதனால்தான் ‘பொதுத்துறை ஒளிபரப்பு’ என்ற மொழிபெயர்ப்பு பிழையாகிறது. அரசு ஒலிபரப்பகம் ஆட்சியாளருக்குக் கட்டுப்பட்டது. பொது ஒலிபரப்பகம் பொதுப்பணத்தில் இயங்கினாலும், என்ன சொல்வது என்பதை அன்றைய அமைச்சரவை தீர்மானிக்க முடியாதபடி சட்டத்தால் வேலியிடப்பட்டது. பிபிசி 1922இல் வானொலிக் கருவி செய்வோரின் தனியார் நிறுவனமாகத் தொடங்கி, 1927இல் அரச சாசனத்தின் கீழ்க் கூட்டுத்தாபனமாக மாறியபோது வகுத்துக்கொண்ட ஏற்பாடு இது: கேட்போர் செலுத்தும் உரிமக் கட்டணம் ஒருபுறம், அரசுக்கும் நிறுவனத்துக்கும் இடையில் ஓர் ஆளுகைக் குழு மறுபுறம். வேலி எவ்வளவு உறுதியானது என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். வேலியே இல்லையென்றால் அந்தப் பெயருக்கு உரிமை இல்லை.

இந்த வேறுபாட்டை விளக்கக் குர்திய ஒலிபரப்பின் வரலாற்றைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. ஏனெனில் குர்தியரின் குரல் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி பிறருடைய அலைவரிசையில்தான் ஒலித்திருக்கிறது. பாக்தாத் வானொலியில் குர்தியப் பிரிவு 1939இல் தொடங்கியது; அது ஈராக் அரசின் குரல். சோவியத் ஆர்மீனியாவின் எரெவான் வானொலி 1955 முதல் குர்திய நிகழ்ச்சிகளைத் தொடர்ந்து வழங்கியது. அதன் பொறுப்பை ஏற்ற கவிஞர் காசிமே ஜெலீல், ஊர் ஊராகப் பாடித் திரிந்த ‘தெங்பேஜ்’களின் பாடல்கள் பதிவாகக் காரணமானவர்களுள் ஒருவர். ‘தெங்’ என்றால் குரல், ‘பேஜ்’ என்றால் சொல்பவர். கதையைப் பாட்டாகச் சொல்லும் வாய்மொழிக் கலைஞர் தெங்பேஜ். ஆர்மீனியரான கராபேதே காச்சோ குர்திய மொழியில் பாடிய பாடல்கள் இந்த வானொலி வழியாகவே எல்லை கடந்து துருக்கியின் கிராமங்களை எட்டின. “எரெவான் கெபெர் திதெ”, அதாவது “எரெவான் பேசுகிறது” என்னும் அறிவிப்பை அங்குள்ள ஒரு தலைமுறையே நினைவில் வைத்திருக்கிறது. அப்படியிருந்தும் அது பொது ஒலிபரப்பு அன்று. சோவியத் அரசின் ஒலிபரப்பு. மக்கள் நேசித்தார்கள் என்பதால் மட்டும் ஒரு நிலையம் ‘பொது’ ஆகிவிடாது.

துருக்கியில் 1983ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று குர்திய மொழியில் வெளியிடுவதையும் ஒலிபரப்புவதையும் தடுத்தது. 1991இல் அது நீக்கப்பட்டது. 1995இல் பிரித்தானிய உரிமத்துடன் செயற்கைக்கோள் வழியே தொடங்கிய மெட் டிவி, 1999இல் அந்த உரிமத்தை இழந்தது. அது புலம்பெயர்ந்தோர் ஒளிபரப்பு. அதே காலத்தில் ஈராக்கியக் குர்திஸ்தானில் 1999இல் குர்திஸ்தான் டிவியும் 2000இல் குர்த்சாத்தும் தொடங்கின. முன்னது குர்திஸ்தான் ஜனநாயகக் கட்சியைச் சார்ந்தது, பின்னது குர்திஸ்தான் தேசபக்த ஒன்றியத்தைச் சார்ந்தது. இரண்டையும் கட்சி ஒளிபரப்பு என்றே சொல்லவேண்டும். 2009 ஜனவரி 1 அன்று துருக்கியின் அரசு ஒலிபரப்பு நிறுவனமான டிஆர்டி குர்திய மொழிக்கென முழுநேர அலைவரிசை ஒன்றைத் திறந்தது. அது பின்னர் டிஆர்டி குர்தீ என்று பெயர் மாறியது. நாம் பேசிவரும் ‘வெஷான்’ என்னும் சொல்லை லத்தீன் எழுத்தில் எழுதும்போது முதலில் வரும் ‘W’ என்னும் எழுத்து துருக்கிய அரிச்சுவடியில் கிடையாது. அந்த எழுத்தைப் பயன்படுத்தியதற்காகக் குர்தியர்கள் வழக்குகளைச் சந்தித்துக்கொண்டிருந்த நாட்டில், அரசே அதைத் திரையில் காட்டத் தொடங்கியது ஒரு விசித்திரம்.

அரசு, கட்சி, புலம்பெயர்ந்தோர் என்று மூன்று வகை பார்த்தாயிற்று. நான்காவது வகையான பொது ஒலிபரப்பு, கறாரான பொருளில், குர்தியருக்குத் தாயகத்துக்கு வெளியேதான் தெளிவாகக் கிடைத்தது. சுவீடனின் பொது வானொலி குர்திய மொழியில் செய்தி வழங்கியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பன்மொழிப் பொது ஒலிபரப்பகமான எஸ்பிஎஸ், தமிழ் நிகழ்ச்சிகளைத் தரும் அதே கூரையின் கீழ்க் குர்திய நிகழ்ச்சிகளையும் தருகிறது. ஈராக்கில் 2004இல் சட்டப்படி நிறுவப்பட்ட ஈராக்கிய ஊடக வலையமைப்பும் அந்த இலக்கணத்தைச் சட்டத்தில் எழுதிக்கொண்டது. ஆனால் சட்டத்தில் இருப்பது வேறு, ஸ்டூடியோவில் நடப்பது வேறு.

‘தேசிய’ என்னும் அடைமொழி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குர்தியத்தில் ‘நெதெவெயீ’ என்பார்கள். கற்பனை நாட்டின் ஒலிபரப்பகத்துக்கு இதில்தான் உண்மையான தலைவலி: குர்மாஞ்சி பெரும்பாலும் லத்தீன் எழுத்தில், சொரானி அரபு எழுத்தில், ஸாஸாகியும் கோரானியும் இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்ட தனி வழக்குகள். வானொலிக்கு எழுத்து வேண்டாம், ஆனால் வழக்கு வேண்டும். தொலைக்காட்சிக்கு இரண்டும் வேண்டும். எந்த வழக்கில் செய்தி வாசித்தாலும் ஒரு பகுதியினர் ‘இது நம் நிலையம் அன்று’ என்பார்கள். அப்போது ‘கிஷ்தீ’ என்பதன் முதற்பொருளான ‘எல்லாருக்கும்’ என்பதே கேள்விக்குள்ளாகும்.

எஞ்சியிருப்பது ‘நிறுவனம்’ என்ற பகுதி. இலங்கை வானொலி 1967இல் சட்டப்படி ‘கூட்டுத்தாபனம்’ ஆனபோது, ஈழத்தமிழர் நாவில் அச்சொல் நிலைத்தது. தமிழ்நாட்டு வாசகருக்கு அது இன்னும் அயலாகவே படுகிறது. இந்தியா 1990இல் சட்டமியற்றி 1997இல் நடைமுறைப்படுத்திய ‘பிரசார் பாரதி’யைத் தமிழ் இதழ்கள் பெயர்க்காமல் ஒலிபெயர்த்தே எழுதுகின்றன. பதிப்பகம், நூலகம் என்பவற்றில் உள்ள ‘அகம்’ என்னும் ஈறு இரு கரையினருக்கும் பொதுவானது, குறுகியது. குர்தியத்தில் பதிப்பகமும் ஒலிபரப்பும் ஒரே வேரில் கிளைத்திருப்பதைப் பார்க்கும்போது, பதிப்பகத்துக்கு இணையாக ‘ஒலிபரப்பகம்’ என்று சொல்வது இன்னும் பொருத்தமாகிறது.

ஆகவே ‘பப்ளிக் பிராட்காஸ்டர்’ என்பதற்கு என் பரிந்துரை ‘பொது ஒலிபரப்பகம்’. தொலைக்காட்சியும் உண்டென்று காட்டவேண்டிய சட்டப் பெயர்களில் முதன்முறை ‘பொது ஒலி-ஒளிபரப்பகம்’ என்று எழுதி, பின்னர் சுருக்கிக்கொள்ளலாம். ‘ஸ்டேட் பிராட்காஸ்டர்’ என்பதை ‘அரசு ஒலிபரப்பகம்’ என்றே பிரித்து எழுதவேண்டும். கற்பனை நாடே ஆனாலும், அதன் நிறுவனம் இரண்டில் எது என்று மூலத்தில் பார்த்த பிறகே சொல்லைத் தேர்ந்தெடுக்கவேண்டும். மேலும் ஒன்று: ‘குர்திஷ்’ என்பது ஆங்கில விகுதி ஒட்டிய வடிவம். அம்மொழியினர் தம் மொழியைக் ‘குர்தீ’ என்கிறார்கள். தமிழில் மக்களைக் ‘குர்தியர்’ என்றும் மொழியைக் ‘குர்தியம்’ என்றும் எழுதினால், ‘குர்தியப் பொது ஒலிபரப்பகம்’ என்னும் பெயர் வல்லினம் மிக்கு இயல்பாக வந்து அமைகிறது.