காந்தம் ஒட்டாத இரும்புத் தொப்பி

முதல் உலகப் போர்க் காலத்துப் பிரிட்டிஷ் தலைக்கவசம் என்று சொல்லி விற்கப்படும் ஒன்றில் காந்தம் ஒட்டவில்லையே, அது அலுமினியத்தில் செய்த போலியா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஒட்டாதது நல்ல அறிகுறிதான். கவிழ்த்த தட்டைப் போன்ற அந்தக் கவசத்துக்கு ஜான் லியோபோல்டு பிராடி 1915இல் காப்புரிமை பெற்றார். தலைக்கு மேலே வெடித்துச் சிதறும் குண்டுகளிடமிருந்து அகழியில் நிற்பவரைக் காப்பதே அதன் அகன்ற விளிம்பின் வேலை. முதலில் மென் எஃகில், அதாவது காந்தம் ஒட்டும், கரிமம் குறைந்த சாதாரண எஃகில் செய்யப்பட்ட அது, அதே ஆண்டு அக்டோபரில் ஹேட்ஃபீல்டு எஃகுக்கு மாறியது.

ஷெஃபீல்டைச் சேர்ந்த ராபர்ட் ஹேட்ஃபீல்டு 1882இல் கண்டறிந்த இந்த எஃகில் ஏறத்தாழ 12 விழுக்காடு மாங்கனீசும், 1 விழுக்காட்டைச் சற்றே தாண்டிய கரிமமும் உண்டு. அறை வெப்பநிலையில் இரும்பின் அணுக்கள் பொருள் மைய கனச்சதுரமாக, அதாவது கனச்சதுரத்தின் மூலைகளிலும் நட்டநடுவிலும் அணு இருக்கும்படி அடுக்கப்பட்டிருக்கும். காந்தம் வலுவாக ஈர்ப்பது இந்த அடுக்கைத்தான். 912 டிகிரி செல்சியஸுக்கு மேல் அது மூலைகளிலும் ஒவ்வொரு முகத்தின் நடுவிலும் அணு இருக்கும் முகப்பு மைய கனச்சதுரமாக, அதாவது ஆஸ்டெனைட்டாக மாறிவிடும். ஆறும்போது சாதாரண இரும்பு பழைய அடுக்குக்கே திரும்பும். மாங்கனீசும் கரிமமும் கலந்த எஃகையோ, 1000 டிகிரிக்கு மேல் காய்ச்சி நீரில் சட்டென அமிழ்த்தினால், ஆஸ்டெனைட் திரும்ப வழியின்றி அப்படியே தங்கிவிடுகிறது. அதனால்தான் காந்தம் வழுக்கி விழுகிறது.

இதைவிட என்னை மயக்குவது அதன் இன்னொரு குணம். நீரில் தோய்த்தால் மற்ற கரிம எஃகுகள் கடினமாகி நொறுங்கும் தன்மை பெறும், இது இளகிக்கொடுக்கும். எனவே ஒரே தகட்டை அழுத்திக் கவசமாக வடிக்க முடிந்தது. ஆனால் அதன் மேல் அடி விழுந்தால், அடிபட்ட இடத்தில் படிகத்துக்குள் அணு அடுக்கு கண்ணாடிப் பிம்பம்போல் திரும்பிய மிக மெல்லிய இரட்டைப் படிகப் பட்டைகள் உண்டாகி, அணு வரிசைகள் மேற்கொண்டு நழுவாதபடி குறுக்கே நிற்கின்றன. கடினத்தை அளக்கும் பிரினெல் அளவுகோலில் 200 அளவுக்கு இருந்த கடினம், தொடர்ந்து அடிபடும் பரப்பில் 500 வரை ஏறக்கூடும். அடியே அடியைத் தாங்கும் வலுவைத் தருகிறது! ரயில் பாதைகள் குறுக்கிடும் இடங்களில் இன்றும் மாங்கனீசு எஃகு வார்ப்புகளைப் பதிப்பது இதற்காகவே. ஹேட்ஃபீல்டு தலைக்கவசத்தை மனத்தில் வைத்து இதைத் தேடவில்லை. பயன் என்ன என்பதை விண்ணப்பத்திலேயே எழுதச் சொல்லும் இன்றைய ஆய்வு நிதிக் குழுக்கள் இதற்குப் பணம் கொடுத்திருக்குமா என்பது ஐயமே.

சேகரிப்பவர் காந்தத்தைக் கவசத்தின் நடுவிலும் ஓரத்திலும் தனித்தனியே வைத்துப் பார்க்க வேண்டும். கூரான ஓரத்தை மறைக்க 1916இல் மென் எஃகுப் பட்டை சேர்க்கப்பட்டதால், முதல் போரின் ‘மார்க் 1’ வகையில் உடல் ஒட்டாது, ஓரம் ஒட்டும். இரண்டாம் போரின் ‘மார்க் 2’ வகையில் ஓரப் பட்டை துருப்பிடிக்காத எஃகு என்பதால் அதுவும் பெரும்பாலும் ஒட்டாது. உள்ளே இருக்கும் தோல், துணி அமைப்பை நம்பிக் காலத்தைக் கணிக்கக் கூடாது. பழைய மார்க் 1 உடல்களில் 1930களின் இறுதியில் புதிய உட்பகுதியைப் பொருத்தி மீண்டும் பயன்படுத்தினார்கள். முழுவதும் காந்தத்தில் ஒட்டினாலும் போலி என்று தூக்கி எறிய வேண்டாம்: 1916இன் ஜெர்மானியக் கவசமும், 1915இன் பிரெஞ்சு ஆட்ரியன் கவசமும், 1940களில் பிரிட்டிஷ் பொதுமக்களுக்காகச் செய்த மென் எஃகுக் கவசமும் ஒட்டும் வகைகளே. மெல்லிய ஈர்ப்பு மட்டும் தெரிந்தால், மேற்பரப்பில் கரிமம் எரிந்துபோன ஏடோ, துருவோ காரணமாக இருக்கலாம்.

உலோகத்தைச் சொல்லும் காந்தம் வண்ணப்பூச்சைப் பற்றி எதுவும் சொல்லாது. விலை ஏறுவதோ சின்னங்களாலும், ‘இன்ன போரில் இன்ன வீரர் அணிந்தது’ என்ற கதையாலும்தான்; என் பார்வையில் அது ராசிக்கல் வியாபாரத்துக்கு ஒரு படி கூட மேலானதன்று. ஒளி பிரதிபலிக்காதிருக்க மார்க் 1இன் பூச்சில் மணலோ மரத்தூளோ கலந்தார்கள். அந்தச் சொரசொரப்பு எஞ்சியிருக்கும் கவசத்தைத் துரு நீக்கியால் தேய்த்துப் பளபளப்பாக்கினால், காலத்தைக் காட்டும் சான்றுகளில் ஒன்று போய்விடும்.