சாத்துக்குடிப் பை யாருக்கு?

மாலை நாலு மணிக்குப் பார்வையாளர்களை உள்ளே விட்டதும் எங்கள் ஆஸ்பத்திரி லிஃப்டில் ஆரஞ்சுத் தோல் வாசனை அடிக்கும். வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் சாத்துக்குடிப் பை, மீதிப் பேர் கையில் கமலா ஆரஞ்சு. வாசலில் நிற்கும் தள்ளுவண்டியில் கொய்யாவும் பப்பாளியும் இருக்கின்றன. ஆனால் "பேஷண்டுக்கு" என்று சொன்னால், வண்டிக்காரரின் கை தானாகச் சாத்துக்குடிப் பக்கம் போய்விடும். வெறுங்கையோடு போகக்கூடாது என்கிற மரியாதை நல்லதுதான். ஆனால் ஒரு உணவியல் நிபுணராக அந்தப் பைகளைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பதற்றமாக இருக்கும்.

காரணம் உண்டு. வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒரு ஐயா, ஒரு திங்கட்கிழமை கால் இரண்டும் துவண்டுபோய் வந்து சேர்ந்தார். ரத்தத்தில் பொட்டாசியம் 6.4. சாதாரணமாக 3.5-க்கும் 5-க்கும் நடுவில் இருக்க வேண்டியது. இந்த அளவுக்கு ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடலாம். ஈ.சி.ஜி. எடுத்து, ஊசி போட்டு, அவசரமாக டயாலிசிஸ் செய்து காப்பாற்றினார்கள். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள், என்ன சாப்பிட்டார் என்று விசாரிக்க.

"ஒண்ணும் சாப்பிடலை மேடம். ரெண்டு நாளா வாய் கசக்குதுன்னு சோறே இறங்கலை. வெறும் ஜூஸ்தான் குடுத்தேன்" என்றார் அவர் மனைவி. சனி, ஞாயிறு பார்க்க வந்த சொந்தக்காரர்கள் கொண்டுவந்த மூன்று பைச் சாத்துக்குடியும் ஜூஸாகப் போயிருந்தது. காலையில் ஒரு டம்ளர், மாலையில் ஒரு டம்ளர், இரவில் அரை.

ஒரு பெரிய டம்ளர், அதாவது 250 மில்லி ஆரஞ்சு ஜூஸில் ஏறக்குறைய 450 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகம் வேலை செய்கிறவருக்கு அது நல்ல சத்து, ரத்த அழுத்தத்துக்கும் நல்லது. சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு அதை வெளியே தள்ள வழியில்லை. காய்கறியையாவது நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துப் பொட்டாசியத்தைக் குறைக்கலாம், ஜூஸில் அதுவும் முடியாது. இளநீருக்கும் இதே கதைதான். டயாலிசிஸ் செய்கிறவரைப் பார்க்கப் போனால் ஆப்பிள் வாங்கிப் போங்கள், அதையும் எவ்வளவு கொடுக்கலாம் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

சரி, இந்தப் பழங்களின் பெயர்க் குழப்பத்தையும் இங்கேயே பேசிவிடலாம். "மேடம், ஆரஞ்சுதானே கூடாதுன்னீங்க, இது சாத்துக்குடி" என்று சொல்கிறவர்களை வாராவாரம் பார்க்கிறேன். தாவரவியலின்படி பார்த்தால் நாம் சாத்துக்குடி என்கிறோமே, அதுதான் உலகம் முழுக்க ஆரஞ்சு என்று பேர் வாங்கிய இனிப்பு ஆரஞ்சு. ஸ்டிக்கர் ஒட்டி சூப்பர் மார்க்கெட்டில் பளபளவென்று அடுக்கியிருக்கும் வெளிநாட்டு வாலென்சியா ஆரஞ்சுக்கும் நம் சாத்துக்குடிக்கும் ஒரே இனம். இதன் தோல் பச்சையாக இருப்பதற்குக் காரணம் நம் வெயில். இரவில் நன்றாகக் குளிர்ந்தால்தான் தோலில் உள்ள பச்சையம் சிதைந்து ஆரஞ்சு நிறம் வெளியே தெரியும். நம் சமவெளியில் அந்தக் குளிர் இல்லை. பச்சையாக இருக்கிறதே என்று காய் என நினைக்க வேண்டாம்.

கமலா ஆரஞ்சு வேறு இனம், மாண்டரின். தோல் சதையோடு ஒட்டாது, விரலாலேயே உரித்துவிடலாம். நாக்பூர் ஆரஞ்சு, குடகு ஆரஞ்சு எல்லாம் இந்த வகைதான், இரண்டுமே புவிசார் குறியீடு வாங்கியவை. வட இந்தியாவில் அதிகம் விற்கும் கின்னோ இரண்டு மாண்டரின்களை இனக்கலப்பு செய்து கலிஃபோர்னியாவில் உருவாக்கியது. பஞ்சாபுக்கு வந்து அங்கேயே ஊர்க்காரனாகிவிட்டது. பெயரைப் பற்றி இன்னொன்று. ஆரஞ்சு என்கிற சொல்லின் வேர் நம் பக்கத்து நாரத்தை, நாரங்கத்தில் இருக்கிறது என்கிறார்கள். சமஸ்கிருதம், பாரசீகம், அரபி வழியாக ஐரோப்பாவுக்குப் போன இடத்தில் முன்னால் இருந்த 'ந' உதிர்ந்து, கடைசியில் ஆங்கிலச் சொல்லாக நம்மிடமே திரும்பி வந்திருக்கிறது.

பம்பளிமாஸ் மட்டும் தனி எச்சரிக்கை. அதுவும் அதன் நெருங்கிய உறவான கிரேப் ஃப்ரூட்டும் சில மாத்திரைகள் உடம்பில் சிதைவதைத் தடுத்து, ரத்தத்தில் மருந்தின் அளவைக் கூட்டிவிடும். கொழுப்புக்கான சில மாத்திரைகள், சில ரத்த அழுத்த மாத்திரைகள், சிறுநீரக மாற்று செய்தவர்கள் போடும் மருந்துகள் இதில் வரும். சாத்துக்குடிக்கும் கமலாவுக்கும் இந்தச் சிக்கல் இல்லை.

சர்க்கரைக்காரர்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு டம்ளர் ஜூஸுக்கு மூன்று நான்கு பழம் பிழிய வேண்டும். சர்க்கரையே போடாவிட்டாலும் அதில் 20 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும், அதாவது ஐந்து டீஸ்பூன். நான்கு பழத்தை உரித்து உட்கார்ந்து தின்னச் சொன்னால் யாரும் தின்னமாட்டார்கள், ஜூஸாக இரண்டு நிமிடத்தில் இறங்கிவிடும். நார்ச்சத்து வடிகட்டியிலேயே நின்றுவிடும். ஒரு கமலாவையோ சாத்துக்குடியையோ சுளையாக, மேல் தோலை உரித்ததும் தெரியும் அந்த வெள்ளை நாரோடு சாப்பிடுங்கள். அந்த நாரை ஒவ்வொன்றாகப் பிய்த்துப்போட்டுக் குழந்தைக்கு ஊட்டும் அம்மாக்களைப் பார்க்கும்போது எனக்குக் கை பரபரக்கும். பெக்டின் என்ற நல்ல நார்ச்சத்து அங்கேதான் இருக்கிறது. பெட்டியில் வரும் 'ஃப்ரூட் டிரிங்க்' வகையறா இன்னும் மோசம். 10 சதவீதம் பழச்சாறு இருந்தாலே அந்தப் பெயரில் விற்கலாம், மிச்சம் பெரும்பாலும் சர்க்கரையும் தண்ணீரும்.

ஜூஸ் உண்மையிலேயே மருந்தாகும் இடம் ஒன்று உண்டு. சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி, வேர்த்து, கை நடுங்கும்போது அரை டம்ளர் ஜூஸ் கொடுத்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதிக்க வேண்டும். அந்த நேரத்தில் சுளை உரித்துக்கொண்டிருக்கக் கூடாது. நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றவும் கூடாது. டயாலிசிஸ் ஆளாக இருந்தால் ஜூஸுக்குப் பதில் குளுக்கோஸ்.

வைட்டமின் சி-க்காகத்தானே எல்லோரும் வாங்குகிறார்கள்? சாத்துக்குடியில் 100 கிராமுக்குச் சுமார் 50 மில்லிகிராம். கமலாவில் அதைவிடக் குறைவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) கணக்குப்படி ஒரு பெண்ணுக்கு நாளைக்கு 65, ஆணுக்கு 80 மில்லிகிராம் போதும். கொய்யாவில் சாத்துக்குடியைப்போல நான்கு மடங்கு இருக்கிறது, விலையும் கம்மி. தள்ளுவண்டியில் அது பாவமாக ஓரத்தில் கிடக்கிறது. ஆரஞ்சு சாப்பிட்டால் சளி பிடிக்கும் என்பதும் சரியில்லை, தினம் சாப்பிட்டால் சளியே வராது என்பதும் சரியில்லை.

வைட்டமின் சி நிஜமாகக் கைகொடுப்பது இரும்புச்சத்துக்கு. கீரை, கம்பு, பயறு இவற்றில் உள்ள இரும்பை உடம்பு கொஞ்சம்தான் உறிஞ்சும். கூடவே ஒரு ஆரஞ்சு இருந்தால் உறிஞ்சுவது கூடும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் நேர்மாறாகக் குறையும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைப் பாலில் விழுங்கும் கர்ப்பிணிகள் எத்தனையோ பேர். பாலை வேறு நேரத்துக்குத் தள்ளிவிட்டு, மாத்திரையைத் தண்ணீரோடு போட்டு நாலு சுளை சாப்பிட்டாலே போதும்.

அந்த ஐயா தேறிய பிறகு அவர் மனைவியோடு உட்கார்ந்து பேசினேன். தாண்டிக்குடிப் பக்கம் பிறந்தவர். கீழ்ப் பழனி மலையில் காப்பித் தோட்டத்துக்குள் கமலா மரங்கள் நிறைந்திருந்த காலம் அவருக்கு நினைவிருக்கிறது. "சீசன்ல மூட்டை மூட்டையா இறங்கும் மேடம். அப்புறம் இலை எல்லாம் மஞ்சளாகி மரம் பட்டுப்போச்சு" என்றார். சிட்ரஸ் கிரீனிங் என்கிற நோய், சிறு பூச்சிகள் பரப்புவது. அந்த மலையின் ஆரஞ்சுத் தோட்டங்களைப் பெருமளவு அழித்தது அதுவும் டிரிஸ்டெசா என்ற வைரஸும்தான்.

அவர் சொன்ன தோல் குழம்பை வீட்டில் செய்து பார்த்தேன். இரண்டு கமலாவின் தோலைக் கழுவி, உள்பக்க வெள்ளையைக் கத்தியால் சுரண்டிவிட வேண்டும் (சுளையோடு தின்னச் சொன்ன அதே வெள்ளைதான், குழம்பில் கசந்து தொலைக்கும்). பொடியாக நறுக்கி, நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயம், மிளகாய் வற்றல் தாளித்து, தோல் சுருளும்வரை வதக்கி, கெட்டிப் புளிக்கரைசலும் மஞ்சளும் உப்பும் குழம்புப்பொடியும் சேர்த்து எண்ணெய் பிரியும்வரை கொதிக்கவிட்டு, கடைசியில் ஒரு துண்டு வெல்லம். மெழுகு பூசி வரும் வெளிநாட்டுப் பழத்தின் தோலில் இதைச் செய்யாதீர்கள். ரசத்தில் ஆரஞ்சுச் சாறு சேர்ப்பவர்கள் அடுப்பை அணைத்த பிறகு ஊற்றுங்கள். கொதித்தால் வைட்டமின் சி போகும், கசப்பும் ஏறும். பிழிந்து ஒரு மணி நேரம் வைத்த சாத்துக்குடி ஜூஸ் கசப்பதும் அதனுள் மெதுவாக உருவாகும் லிமோனின் என்ற பொருளால்தான்.

அன்று பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மாவின் நகங்களைக் கவனித்தேன், வெளுத்துக் கிடந்தன. ஆறு மாதமாக ஆஸ்பத்திரி வாசலும் டீயும் பன்னுமாக இருந்திருக்கிறார். பரிசோதித்தால் ஹீமோகுளோபின் 8.9, ரத்தசோகை. அன்று சாயங்காலமும் மைத்துனர் ஒருவர் சாத்துக்குடிப் பையோடு வந்தார். அதை வாங்கி அந்த அம்மாவின் மடியில் வைத்தேன். "எனக்கா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, கணவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தார்.