சேசி: அடிச்சட்டம்

பட்டறைகளில் சேஸ், சேசிஸ் என்றெல்லாம் வழங்கும் இச்சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. அங்கே ஈற்றிலுள்ள 'ஸ்' ஒலிக்கப்படுவதில்லை. ஆகவே 'சேசி' என்று எழுதுவதே பொருந்தும். பெட்டியைக் குறிக்கும் 'காப்சா' என்ற இலத்தீன் சொல்லே இதன் வேர். மாத்திரைக் கடையில் கேட்டு வாங்கும் கேப்சூலும் அதே வேரில் கிளைத்ததுதான். முதலில் சன்னலின் சட்டத்தைக் குறித்த சொல், பின்னர் பீரங்கியைத் தாங்கும் சட்டத்துக்கு ஆகி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டியின் எஞ்சினையும் அச்சுகளையும் உடற்கூட்டையும் சுமக்கும் இரும்புச் சட்டத்துக்குப் பெயராக நிலைத்தது.

தமிழில் 'அடித்தளம்' என்று சிலர் எழுதுகிறார்கள். அது கட்டடத்துக்கு உரிய சொல். சன்னலுக்கும் படத்துக்கும் 'சட்டம்' அடிப்பதாகத் தச்சர்கள் சொல்லும் வழக்கு நம்மிடம் இருக்கையில், 'அடிச்சட்டம்' என்பதே இயல்பான சொல் என்பது என் உறுதியான கருத்து. விதியைக் குறிக்கும் 'சட்டம்' என்ற சொல்லும் இதே வடிவில் இருப்பது, பழைய காரை மீட்டெடுத்துப் பதிவு செய்ய முனைவோருக்குத் தனிப்பொருள் தரும்.

ஏனெனில், கதவும் இருக்கையும் எஞ்சினும் மாறிய பின்னும் 'இது அதே வண்டிதானா' என்ற கேள்விக்குப் பதிவு அலுவலர் விடை தேடுவது பெரும்பாலும் அடிச்சட்டத்தில்தான். வண்டியின் எந்தெந்தப் பகுதிகள் மூலமானவை என்று பார்த்து மதிப்பிட பிரிட்டனில் நெடுங்காலம் பின்பற்றப்பட்ட புள்ளிமுறையில் மூல அடிச்சட்டத்துக்கு 5 புள்ளிகள். எஞ்சினுக்கோ 1 மட்டுமே. அடிச்சட்டத்தில் பொறித்த எண்ணின்மேல் மெல்லிய தாளை ஒட்டி, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால், துருவின் புள்ளிகளுக்கு நடுவே எழுத்துகள் ஒவ்வொன்றாக வெள்ளையாய் எழும். துரு நீக்கும் ஆர்வத்தில் அந்த இடத்தை உராய்ந்து மழித்துவிட்டால், எத்தனை ரசீதுகள் இருந்தாலும் உரிமையை நிறுவுவது கடினம். எண் உள்ள துண்டை வெட்டி வேறொரு சட்டத்தில் பற்றவைப்பதோ பல நாடுகளில் குற்றம். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் ஒரு காலத்தில் எஞ்சின் எண்ணைக் கொண்டே உரிமைப் பத்திரம் வழங்கினார்கள் என்பதால், பத்திரத்தில் உள்ளது எந்த எண் என்பதை முதலில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

1981 முதல் அமெரிக்காவில் கட்டாயமான 17 இலக்க எண்ணை 'வாகன அடையாள எண்' என்று தனியே சொல்லலாம். அதற்கு முந்தைய வண்டிகளின் சட்டத்தில் பொறித்த, பெரும்பாலும் குறுகிய எண்ணுக்கு 'அடிச்சட்ட எண்' என்பதே சரியான பெயர்.