நெறியமைப்பு: ‘நிறுவனம்’ ஏன் பொருந்தாது?

‘பன்னாட்டு நிறுவனங்கள் வளரும் நாடுகளின் நிறுவனங்களுக்கேற்பத் தம்மை மாற்றிக்கொள்கின்றன’ என்னும் தொடரைப் பொருளியல் மொழிபெயர்ப்புகளில் அடிக்கடி காண்கிறோம். படிப்பவர், வெளிநாட்டுக் கம்பெனி உள்ளூர்க் கம்பெனிக்கு வளைந்துகொடுப்பதாகவே பொருள்கொள்வார். மூலத்தில் பேசப்படுவதோ ‘இன்ஸ்டிட்யூஷன்’, அதாவது ஒரு நாட்டின் சட்டம், சொத்துரிமை, ஒப்பந்த நடைமுறை, எழுதப்படாத வழக்கம் ஆகிய அனைத்தும்.

நிலைநாட்டுதல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து வந்த சொல் அது. ‘நிறுவு’ என்பதன் அடியாகப் பிறந்த ‘நிறுவனம்’ அதற்கு நேராகப் பட்டதில் வியப்பில்லை. கல்விக்கூடத்தைச் சுட்டுகையில் பொருந்தவும் செய்கிறது. ஆனால் பொருளியலாளர் டக்ளஸ் நார்த் 1990இல் ‘இன்ஸ்டிட்யூஷன்’ என்பதை ‘ஆட்டத்தின் விதிகள்’ என வரையறுத்து, கம்பெனி, கட்சி, சங்கம் போன்றவற்றை அவ்விதிகளின்கீழ் ஆடுவோர் எனப் பிரித்துக்காட்டினார். இரண்டுக்கும் ஒரே பெயரிட்டால், அவர் பிரித்ததை மொழிபெயர்ப்பாளர் மீண்டும் ஒட்டிவிடுகிறார்.

இந்தியாவையே பாருங்கள். 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தால் பல வெளிநாட்டுக் கம்பெனிகள் தம் பங்கை 40 விழுக்காடாகக் குறைக்க வேண்டியிருந்தது. கோகோ கோலா அதற்கு இணங்காமல் 1977இல் வெளியேறி, 1991இன் சீர்திருத்தங்களுக்குப் பின் 1993இல் திரும்பியது. அதே கம்பெனி, அதே பானம், மாறியது விதி. இதை ‘நிறுவன மாற்றம்’ என்று எழுதினால், கம்பெனியின் நிர்வாகம் மாறியதாக அல்லவா பொருள்படும்?

‘அமைப்பு’ என்பாரும் உளர். அதுவும் சங்கங்களையும் இயக்கங்களையும் குறிக்கவே இன்று பயன்படுகிறது. ‘சட்டதிட்டம்’ என்றால் வழக்கம் விடுபடும். ‘வழக்காறு’ என்றால் சட்டம் விடுபடும். எழுதிய விதியையும் எழுதாத நடைமுறையையும் ‘நெறி’ ஒருங்கே தழுவுவதால், ‘நெறியமைப்பு’ என்பதே தெளிவானது என்பேன்.

மேலாண்மைப் பேராசிரியர்கள் தருண் கன்னாவும் கிருஷ்ண பலேப்புவும் 1997இல் முன்வைத்த ‘இன்ஸ்டிட்யூஷனல் வாய்ட்’ என்னும் கருத்தைத் தமிழில் ‘நிறுவன வெற்றிடம்’ என்கிறார்கள். நம்பத்தக்க சந்தைத் தகவல் இல்லாமை, ஒப்பந்தத்தைச் செயற்படுத்தும் வழி வலுவின்றி இருத்தல் போன்றவற்றையே அவ்விருவரும் சுட்டினர். தகவல் தரும் இடைநிலை அமைப்புகள் இல்லாததும் அதில் அடங்கும் என்பது உண்மைதான். ஆயினும் கம்பெனிகள் நிறைந்திருக்கும் நாட்டிலும் இவ்வெற்றிடம் இருக்கக்கூடும். ‘நெறியமைப்பு வெற்றிடம்’ என்றால் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. கலைச்சொல் பட்டியலில் முதலில் கிடைத்த நிகரனை எடுத்தாள்வோர், அச்சொல் எந்தத் துறையில், எதற்கு எதிராக நிற்கிறது என்பதையும் பார்த்தாக வேண்டும்.