சுங்கானுக்குள் எரியும் சின்ன அடுப்பு

முதல் தடவை புகையிலை பைப் பிடிக்கிறவர்கள் சொல்லும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: நாக்கு வெந்துபோச்சு. எனக்கும் அப்படித்தான் ஆனது, இரண்டு நாள் சூடாக எதையும் வாயில் வைக்க முடியவில்லை, புகையிலைதான் மட்டம் என்று டப்பாவை மூடி ஓரமாக வைத்துவிட்டேன். குற்றம் இலை மேல் இல்லை, இலைக்குள் இருந்த தண்ணீர்தான் வேலையைக் காட்டியிருக்கிறது என்று புரிய ரொம்ப நாள் ஆயிற்று. அது புரிந்த பிறகு, பழைய ஆட்கள் சுங்கான் என்று சொல்லும் இந்தப் பைப்பின் சின்னக் கிண்ணத்துக்குள் நடப்பதெல்லாம் தண்ணீர் எவ்வளவு, காற்று எவ்வளவு என்ற கணக்குதான் என்று தெரிந்தது.

டப்பாவில் அடைத்து வரும் பைப் புகையிலையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீராகவே இருப்பது சாதாரணம். ஒரு கிராம் கொதிநீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,260 ஜூல் வெப்பம் வேண்டும். அந்த வெப்பம் எங்கேயும் தொலைந்துவிடாது, ஆவி நாக்கில் பட்டு மறுபடி தண்ணீராகும்போது அப்படியே நாக்கில் இறங்குகிறது. சூடான ஓவனுக்குள் ஒரு நொடி கையை நீட்டி எடுத்துவிடலாம், அதைவிடச் சூடு குறைவான கெட்டில் ஆவியில் கையை வைக்க முடியாது அல்லவா, அதே கதைதான். ஈரமான இலை லேசில் பற்றாது, பற்றவில்லையே என்று நாம் வேகமாக இழுப்போம், வேகமாக இழுத்தால் கங்கு கொதிக்கும், கங்கு கொதித்தால் இன்னும் ஆவி. ஒன்றை ஒன்று தூண்டிவிட்டுக்கொண்டே போகும்.

அதனால் தீக்குச்சியைத் தொடும் முன்னால், ஒரு தடவைக்கு வேண்டிய இலையை மட்டும் காகிதத்தில் பரப்பி அரை மணி நேரம் விடுங்கள். அப்புறம் ஒரு சிட்டிகை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே அழுத்திப் பாருங்கள். கட்டியாக ஒட்டிக்கொண்டே இருந்தால் ஈரம் மிச்சம் இருக்கிறது. தூளாக நொறுங்கினால் காய்ந்தது அதிகம், அது சர்ரென்று எரிந்து சூட்டைக் கிளப்பும். விரலை எடுத்ததும் இலை சோம்பலாகப் பிரிந்து பழைய நிலைக்குத் திரும்பினால், ஈரம் நூற்றுக்குப் பதின்மூன்று, பதினான்கு பங்கு இருக்கும். அதுதான் பதம்.

கிண்ணத்துக்குள் எரிவது சுடர் இல்லை, கங்கு. இழுக்கும்போது மேலிருந்து காற்று இறங்கி, கரியாகிப்போன மேல் அடுக்கில் இருக்கும் கார்பனை எரிக்கிறது. அங்கேயே ஆக்சிஜனில் பெரும்பகுதி செலவாகிவிடும். மிச்சமிருக்கும் சூடான வாயு கீழே இருக்கும் எரியாத இலைகளுக்கு நடுவே நுழைந்து வரும்போது அந்த இலைகளை வறுத்து, அவற்றின் எண்ணெய்களையும் வாசனைப் பொருட்களையும் ஆவியாக்கித் தூக்கிக்கொண்டு வருகிறது. ஆக, நாம் உணரும் சுவையில் பெரும்பங்கு எரிந்த இலையிலிருந்து வருவதில்லை, எரியப்போகிற இலையிலிருந்து வருகிறது! இது எனக்கு இன்றைக்கும் அழகான விஷயமாகப் படுகிறது. கங்கை மெல்ல வைத்திருந்தால் அந்த வாசனைகள் உடையாமல் வரும், சூடு ஏறினால் அவையே கருகிக் கசப்பாகிவிடும். சிகரெட்டில் ஒரு இழுப்பின்போது கங்கின் வெப்பம் 900 டிகிரி செல்சியஸ் வரைக்கும் போகும். நிதானமாகப் பிடிக்கும் பைப்பில் அவ்வளவு ஏறாது.

இதை வைத்துப் பார்த்தால், இலையை நிரப்பும் பழைய முறைக்கும் காரணம் விளங்கும். அடியில் தளர்வாக, நடுவில் கொஞ்சம் இறுக்கமாக, மேலே இன்னும் இறுக்கமாக மூன்று பிடி. அடி இறுகினால் காற்று போக வழியில்லை, மேலே தளர்ந்தால் கங்கு ஒன்றையொன்று தொடாமல் அணையும். பற்ற வைக்கும் முன்னால் வெறுமனே இழுத்துப் பாருங்கள், ஸ்ட்ராவில் உறிஞ்சுவது போல லேசான தடை தெரிய வேண்டும். முதல் தீ பற்ற வைப்பதற்கே இல்லை, மேல் இலையைக் கருக்குவதற்கு. ஈரம் வெளியேறும்போது இலைகள் நெளிந்து புடைத்துக்கொண்டு மேலே வரும், அதை லேசாக அமுக்கி, சீரான கரிப்படலம் ஆக்கியபின் வைக்கிற இரண்டாவது தீதான் நிற்கும். நடுவில் அணைந்தால் அணையட்டும், மறுபடி பற்ற வைக்கலாம். அணையக் கூடாது என்று பதறி இழுப்பதுதான் நாக்கைக் கெடுக்கும்.

கிண்ணம் ஏன் எரிவதில்லை? நல்ல பைப்புகள் பெரும்பாலும் பிரையர் மரத்தில் செய்தவை. மத்தியதரைக் கடல் ஓரத்தில் வளரும் எரிக்கா அர்போரியா என்ற புதரின் வேர்முண்டு அது, கெட்டியானது, சூடு தாங்கும், மணிக்கணக்காக வேகவைத்து மாதக்கணக்கில் உலர்த்திய பிறகே செதுக்குவார்கள். போகப் போக உள்சுவரில் ஒரு கரிப்பூச்சு படியும். அதுதான் மரத்துக்குக் கவசம். நாணயக் கனத்துக்கு மேல் வளரவிடாமல் சுரண்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் கரி ஒரு மாதிரி விரியும், மரம் ஒரு மாதிரி விரியும், கிண்ணம் பிளந்துவிடும்.

இனி நிகோடின். பைப் புகையை நுரையீரலுக்குள் இழுப்பதில்லை, வாயோடு சரி, அதனால் ஆபத்து இல்லை என்று ஒரு நம்பிக்கை ரொம்பக் காலமாக இருக்கிறது. அதை நானும் நம்பியவன் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நிகோடின் ஒரு காரம், அதாவது அமிலத்துக்கு நேரெதிர். அமிலத்தன்மையுள்ள புகையில் அது மின்னேற்றம் பெற்று, வாயின் சவ்வைத் தாண்ட முடியாமல் நிற்கும். அமில-கார அளவுகோலான பிஎச் 8-ஐ ஒட்டி வந்தால் ஏறக்குறைய பாதி மின்னேற்றம் இல்லாத நிலைக்கு வந்துவிடும், அந்தப் பாதி கன்னத்தின் உட்புறம் வழியாகவே ரத்தத்தில் கலக்கும். காற்றில் உலர்த்திய இலையின் புகை காரப்பக்கம் சாய்ந்தது. ஆக, உள்ளே இழுக்காமலேயே நிகோடின் கிடைக்கிறது, பழக்கமும் பிடித்துக்கொள்கிறது. புகையிலிருக்கும் தாரும், புற்றை உண்டாக்கும் நைட்ரோசமைன்களும் வாயிலேயே தங்கி வேலை செய்கின்றன. பைப் பிடிப்பவர்களுக்கு உதட்டில் புற்று வருவதை ஸோமரிங் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1795-லேயே குறித்திருக்கிறார். 1964-ல் வந்த, அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் தலைவரான சர்ஜன் ஜெனரலின் அறிக்கை பைப்புக்கும் உதட்டுப் புற்றுக்கும் உள்ள காரணத் தொடர்பை உறுதி செய்தது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், நுரையீரல் எல்லாமே இந்தப் பட்டியலில் உண்டு. இதுவரை தொடாதவர்கள் தொடாமலே இருந்துவிடுங்கள், மனசாரத்தான் சொல்கிறேன். ஏற்கெனவே பிடிப்பவர்களுக்கு ஒன்று: தலை சுற்றி, வியர்த்து, குமட்டினால் அது நிகோடின் மிஞ்சிப்போனதன் அடையாளம், உடனே வைத்துவிட்டுக் காற்றோட்டமாக உட்காருங்கள்.

இலைகளைக் கலப்பதும் இதே அமில-காரக் கணக்கின் தொடர்ச்சிதான். வர்ஜீனியா இலையைக் கொட்டகையில் குழாய்ச் சூட்டில் உலர்த்துவார்கள். முதலில் இளஞ்சூடு: இலை இன்னும் உயிரோடிருந்து தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும். சரியான நேரத்தில் சூட்டைக் கூட்டினால் அந்த வேலை அங்கேயே நின்று, சர்க்கரை இலையில் தங்கிவிடும். 1839-ல் வட கரோலினாவில் ஸ்லேட் என்பவரின் பண்ணையில் அடிமையாக இருந்த ஸ்டீபன் என்பவர், அணையப்போன நெருப்பை மரக்கரி போட்டு மீட்டபோது இலை தங்க நிறமாக வந்ததைக் கவனித்தார் என்பது இந்த முறை பரவியதைப் பற்றிச் சொல்லப்படும் வரலாறு. பர்லி என்ற இன்னொரு வகை இலை இதற்கு நேரெதிர். வாரக்கணக்கில் வெறும் காற்றில் தொங்கும் இலை பட்டினி கிடந்து தன் சர்க்கரையையே தின்று தீர்த்துவிடும். சர்க்கரை அதிகமான வர்ஜீனியாவின் புகை அமிலப்பக்கம் இனிப்பு, பர்லியின் புகை காரப்பக்கம் கனம், நிகோடினும் அதிகம். இரண்டும் தனித்தனியே ஒவ்வொரு விதமாக நாக்கைக் கடிக்கும், சேர்ந்தால் ஒன்றின் முனையை இன்னொன்று மழுக்கும்.

மற்றவை மசாலா மாதிரி. வெயிலில் உலர்த்திய சின்ன ஓரியண்டல் இலைகள் வாசனைக்கு. சிரியாவின் துறைமுகப் பெயரைத் தாங்கிய லடாக்கியா, விறகுப் புகையில் மூட்டம் போட்ட இலை, முகர்ந்தாலே அணைந்த முகாம் நெருப்பின் மணம். லூசியானாவின் செயின்ட் ஜேம்ஸ் பகுதியில் பீப்பாய்க்குள் அழுத்திக் காற்றில்லாமல் மாதக்கணக்கில் நொதிக்கவிடும் பெரிக் என்ற இலையில் பழம் புளித்த வாடையும் மிளகின் காரமும் இருக்கும், கொஞ்சம் அதிகமாகிப் போனால் மற்ற எல்லாவற்றையும் அதுவே மூடிவிடும்.

கலக்கிப் பார்க்கிறவர் பத்து கிராமோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஆறு கிராம் வர்ஜீனியா, மூன்று பர்லி, ஒன்று ஓரியண்டல். எடை பார்த்தே போடுங்கள், கண்ணளவு வேண்டாம், ஏனென்றால் இலையின் வெட்டும் ஈரமும் மாறினால் கைப்பிடியின் எடை தலைகீழாக மாறிவிடும். அடுத்த தடவை ஒரே ஒரு இலையின் அளவை மட்டும் மாற்றுங்கள், இரண்டை மாற்றினால் எது என்ன செய்தது என்று தெரியாது. கலந்ததை மூடி இறுகிய கண்ணாடி ஜாடியில் இரண்டு வாரம் வையுங்கள். கலந்த அன்றே திறந்து முகர்ந்தால் மூன்று வாசனையும் தனித்தனியே வரும், ஈரமும் ஒரு இலையில் கூட, இன்னொன்றில் குறைய இருக்கும். இரண்டு வாரத்தில் ஈரம் எல்லா இலைக்கும் சமமாகப் பரவி, எளிதில் ஆவியாகும் வாசனைப் பொருட்கள் இலைக்கு இலை இடம் மாறியிருக்கும். பஞ்சு மாதிரிப் பூஞ்சை படர்ந்திருந்தால் முழுவதையும் கொட்டிவிடுங்கள். இல்லையென்றால் மூடியைத் திறந்ததும் வருவது ஒரே வாசனையாக இருக்கும், ஓரியண்டல் எங்கே போனது என்று மூக்கு கொஞ்ச நேரம் தேடும்.