கடலோர வெள்ள வரைபடம் போடுமுன் பூஜ்யம் எங்கே என்று பாருங்கள்

கடலோர வெள்ள வரைபடங்கள் இப்போது கல்லூரி புராஜெக்ட் முதல் திட்ட அறிக்கை வரை எல்லா இடத்திலும் வருகின்றன. இலவசமாகக் கிடைக்கும் நில உயர லேயர் (கட்டம் கட்டமாக எண்கள் கொண்ட தரவு அடுக்கு) ஒன்று, கடல் ஆழ லேயர் ஒன்று. இரண்டையும் கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் ஒட்டினால் சீக்கிரமே படம் தயார். நான் ஜிஐஎஸ் (கணினி வரைபட) வேலையில் இருப்பதால் இப்படிப்பட்ட படங்கள் சரிபார்க்க என்னிடம் வருகின்றன. பலவற்றிலும் சிக்கல் ஒரே இடத்தில்தான். ஒவ்வொரு லேயரும் எதைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு அளக்கிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை.

முதலில் நிலம். எஸ்ஆர்டிஎம் என்பது 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பறந்து ரேடாரில் எடுத்த நில உயரத் தரவு. ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் 30 மீட்டர் லேயர், டான்டெம்-எக்ஸ் ரேடார் செயற்கைக்கோள்களின் அளவீட்டிலிருந்து வந்தது. இரண்டுமே ஜியாய்டிலிருந்து, அதாவது புவியீர்ப்பை வைத்துக் கணக்கிட்ட, கடல் மட்டத்தை ஒட்டிய பரப்பிலிருந்து உயரம் சொல்கின்றன. முதலாவது இஜிஎம்96, இரண்டாவது இஜிஎம்2008 என்ற ஜியாய்டு மாதிரியை வைத்திருப்பதால் அங்கேயே சிறு வேறுபாடு உண்டு.

இஸ்ரோவின் புவன் தளத்தில் கிடைக்கும் கார்ட்டோடெம் என்ற உயர லேயர் வேறு மாதிரி. அது டபிள்யூஜிஎஸ்84 எலிப்சாய்டிலிருந்து அளக்கிறது. எலிப்சாய்டு என்பது பூமிக்குப் பொருத்திய கணித வடிவம். கடல் மட்டத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை. வேறு ஊரில் இது சின்ன விஷயமாக இருக்கலாம், நமக்கு அப்படியில்லை. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் புவியீர்ப்பு குறைந்த பெரும்பகுதி ஒன்று இருக்கிறது. ஜியாய்டு எலிப்சாய்டுக்கு 100 மீட்டருக்கும் கீழே தாழ்ந்திருக்கும் இடம் அது. உலகிலேயே பெரிய தாழ்வு. தமிழகக் கடற்கரையும் அதன் பிடிக்குள்தான் இருக்கிறது. அதனால்தான் சென்னைக் கடற்கரை கார்ட்டோடெம்மில் மைனஸ் 80 மீட்டருக்கும் கீழே தெரிகிறது. தரவு கெட்டுவிட்டது என்று நினைத்து, எல்லா பிக்சலுக்கும் ஒரே எண்ணைக் கூட்டிச் சரிசெய்பவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போவதற்குள் ஜியாய்டுக்கும் எலிப்சாய்டுக்கும் உள்ள இடைவெளியே பல மீட்டர் மாறிவிடும். ஜியாய்டு மாதிரியை முறையாகப் போட்டுத்தான் மாற்ற வேண்டும்.

அப்புறம் கடல். டேராடூனில் உள்ள தேசிய நீர்ப்பரப்பு அளவை அலுவலகம் வெளியிடும் கடல்வழிப் படங்களில் ஆழம் சராசரிக் கடல் மட்டத்திலிருந்து அளக்கப்படுவதில்லை. ஓதம் (கடல் நீர் தினமும் ஏறி இறங்குவது) மிகவும் வற்றியிருக்கும் நிலைதான் அங்கே பூஜ்யம். கப்பல் தரைதட்டக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு அது, கப்பலுக்குச் சரியானதும் கூட. ஆனால் அந்த எண்ணை நில உயரத்தோடு அப்படியே இணைத்தால், சென்னையில் மட்டுமே அரை மீட்டருக்கு மேல் பிசகு வரும். அரை மீட்டர்தானே என்று விடக் கூடாது. காவிரிப் படுகையின் கடலோரம் போன்ற தட்டையான நிலத்தில், ஆயிரத்துக்கு ஒன்று சரிவு என்று வைத்துக்கொண்டால், அரை மீட்டர் உயரம் என்பது வெள்ளக் கோடு 500 மீட்டர் உள்ளே நகர்வது. ஒரு தெரு முழுக்க அதற்குள் வந்துவிடும்.

உலகக் கடல் ஆழத்துக்கு எல்லோரும் எடுப்பது ஜெப்கோ லேயர். ஒரு கட்டம் ஏறக்குறைய 450 மீட்டர் அகலம். இதில் பலர் தரவிறக்காமல் விட்டுவிடும் துணை லேயர் ஒன்று இருக்கிறது: அந்தந்தக் கட்டத்தின் ஆழம் எப்படிக் கிடைத்தது என்று சொல்லும் டிஐடி லேயர். கப்பலின் எதிரொலிக் கருவி அளந்ததா, செயற்கைக்கோள் ஈர்ப்புத் தரவிலிருந்து ஊகித்ததா, சுற்றியுள்ள எண்களை வைத்து நிரப்பியதா என்பதை அதில் பார்க்கலாம். என்னைக் கேட்டால், ஆழ லேயரைத் திறப்பதற்கு முன்னால் இதைத்தான் திறக்க வேண்டும். உலகக் கடல்தரையில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு இன்னும் நவீன முறையில் அளக்கப்படவில்லை. ஆழமற்ற பகுதிகளில் வேறு பூஜ்யம் கொண்ட தரவும் கலந்திருக்கலாம் என்று ஜெப்கோவே எச்சரிக்கிறது.

இவ்வளவும் சரிசெய்த பிறகும் ஒரு கேள்வி மிச்சம்: அந்த லேயர் காட்டுவது தரையையா, மேலே இருப்பதையா? எஸ்ஆர்டிஎம்மின் ரேடாரில் மரமும் கூரையும் சேர்ந்தே பதிவாகியிருக்கின்றன. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஓதம் வந்து போகும் தரையில் வளரும் மரங்கள் அவை. அங்கே 4 மீட்டர் உயரம் என்று ஒரு லேயர் காட்டினால் அது மரத்தின் உயரம். அந்த எண்ணை நம்பிக் கணினியில் அலையை ஓடவிட்டால், இல்லாத மேட்டில் அலை நின்றுவிடும். கிளைமேட் சென்ட்ரல் என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பினர் 2019-இல் இந்தப் பிழையைத் திருத்திக் கணக்கிட்டார்கள். உலக அளவில் இன்றைய உயர் ஓத மட்டத்துக்குக் கீழான நிலத்தில் வாழ்பவர்கள் எஸ்ஆர்டிஎம் கணக்கில் 2.8 கோடி, திருத்திய கணக்கில் 11 கோடி.

மேலும், எஸ்ஆர்டிஎம் உயரங்கள் முழு மீட்டரில்தான் இருக்கும். அதில் அரை மீட்டர் கடல் உயர்வுக்குக் கோடு போடுவதற்கு அர்த்தமே இல்லை. கோப்பர்நிக்கஸ் தனக்குச் சொல்லிக்கொள்ளும் துல்லியமே 4 மீட்டர்.

இந்த லேயர்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 4,000 மீட்டர் ஆழத்தில் சுனாமி மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். அந்தப் பயணத்தைக் கணக்கிட ஜெப்கோ நன்றாகவே போதும். மாவட்ட அளவில் எங்கே தாழ்வு, எங்கே மேடு என்று பார்க்கவும் இலவச உயர லேயர் உதவும். எந்த வீடு மூழ்கும் என்று சொல்லத்தான் அவற்றால் முடியாது. அதற்கு விமானத்திலிருந்து லேசரால் தரையை அளக்கும் லைடார் வேண்டும், அல்லது தரையில் கருவி வைத்து லெவல் (உயரம்) எடுத்த புள்ளிகளாவது வேண்டும். குறைந்தபட்சம், நாசாவின் ஐஸ்சாட்-2 செயற்கைக்கோள் அளந்த லேசர் உயரப் புள்ளிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் ஊர் மேல் போன தடங்களை இறக்கி, பூஜ்யத்தை ஒன்றாக்கிவிட்டு, உயர லேயரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எவ்வளவு வித்தியாசம் வருகிறதோ, அந்த எண்ணைப் படத்தின் மூலையிலேயே எழுதுங்கள். பக்கத்தில் எந்த டேட்டம், அதாவது எந்தப் பூஜ்யம், என்பதையும்.

பொதுப்பணத்தில் எடுக்கப்பட்ட புவித்தரவு, ரகசியம் என்று ஒதுக்கப்பட்டது தவிர, இந்தியர்களுக்கு எளிதாகக் கிடைக்க வேண்டும் என்று 2021 பிப்ரவரியில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல் சொல்கிறது. உங்கள் கடற்கரையில் துறைமுகத்துக்கோ பாலத்துக்கோ ஆழமும் லெவலும் எடுத்திருந்தால், அந்தத் துறைக்குக் கடிதம் எழுதிக் கேளுங்கள். கேட்கும்போது எண்களோடு சேர்த்து, எந்த பெஞ்ச்மார்க்கிலிருந்து (உயரம் தெரிந்த குறிப்புப் புள்ளி) எடுத்தார்கள் என்பதையும் கேட்டு வாங்குங்கள்.