மஞ்சள் பட்டனில் வெள்ளை எழுத்து ஏன் மறைகிறது?

இணையதள வடிவமைப்பு பழகிவரும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "நீலத்தில் ஒரு பட்டன், மஞ்சளில் ஒரு பட்டன் செய்தேன். இரண்டுக்கும் வெளிச்ச அளவு 50 சதவீதம்தான் கொடுத்தேன். எழுத்தும் இரண்டிலும் வெள்ளை. நீலத்தில் பளிச்சென்று தெரிகிறது, மஞ்சளில் எழுத்தையே காணோம். எங்கே தப்பு செய்தேன்?"

அவர் தப்பே செய்யவில்லை. அவர் நம்பிய அந்த 50 சதவீதத்தில்தான் கோளாறு. அண்மைக் காலத்தில் வரும் இணையதளங்கள் நிறத்தைக் குறிக்கும் முறையையே மாற்றிக்கொண்டிருப்பதற்கும் அதுதான் காரணம்.

போனில் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, திரைமேல் சிறு நீர்த்துளி ஒன்றை வைத்துப் பாருங்கள். துளி லென்ஸ் போல வேலை செய்யும். வெள்ளைக்குள் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் தெரியும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண். இது பள்ளியிலேயே படித்ததுதான். வெறும் மூன்று எண்களை வைத்து நிறத்தை யோசிப்பது கஷ்டம் என்பதால் 1978-ல் எச்எஸ்எல் என்ற முறை வந்தது: நிறம், செறிவு, வெளிச்சம். அதில் வெளிச்சம் என்பது மூன்று எண்களில் பெரியதையும் சிறியதையும் கூட்டி இரண்டால் வகுப்பது, அவ்வளவுதான். மஞ்சள் என்றால் 255, 255, 0. நீலம் என்றால் 0, 0, 255. இரண்டுக்கும் விடை சரிபாதி. கண்ணைக் கேட்காமலே போட்ட கணக்கு இது.

கண்ணைக் கேட்டால் வேறு பதில் வரும். விழித்திரையில் மூன்று வகைக் கூம்பு செல்கள் உண்டு. வெளிச்சம் என்ற உணர்வை நமக்குத் தருவது பெரும்பாலும் நீண்ட, நடுத்தர அலைநீளங்களுக்கான இரண்டு வகைகள்தான். நீலப் பக்க ஒளிக்கானவை எண்ணிக்கையில் மிகக் குறைவு. கூர்ந்து பார்க்கும் மையப் புள்ளியில் அவை இல்லவே இல்லை. அதனால் வெள்ளைத் திரையின் ஒளிர்வில் பச்சையின் பங்கு சுமார் 72 சதவீதம், சிவப்பு 21, நீலம் வெறும் 7. மஞ்சள் என்பது சிவப்பும் பச்சையும் சேர்ந்தது, ஆக 93. நம் வாசகரின் இரண்டு பட்டன்களும் ஒளிர்வில் ஏறத்தாழ 13 மடங்கு வித்தியாசப்படுகின்றன!

இந்த எண்கள் வந்த கதையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். 1920-களின் இறுதியில் இங்கிலாந்தில் டேவிட் ரைட், ஜான் கில்டு என்ற இருவர் தனித்தனியே ஒரு சோதனை செய்தார்கள். ஒருவர் கருவியின் கண்ணருகு வில்லை வழியாகப் பார்ப்பார். உள்ளே இரண்டாகப் பிரிந்த சிறு ஒளிப்பரப்பு. ஒரு பாதியில் ஒற்றை அலைநீள ஒளி. மறு பாதியில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் கலவை. இரண்டு பாதிக்கும் நடுவிலுள்ள கோடு மறையும்வரை கலவையைக் கூட்டிக் குறைக்க வேண்டும். சில நிறங்களுக்கு எவ்வளவு முயன்றாலும் கோடு மறையாது. அப்போது மூன்றில் ஒன்றை எடுத்து எதிர்ப் பாதியில் சேர்த்தால் பொருந்திவிடும். அந்த அளவைக் கழித்தல் குறியோடு எழுதிக்கொண்டார்கள். ரைட்டின் சோதனையில் 10 பேர், கில்டின் சோதனையில் 7 பேர். அந்த 17 பேரின் கண்கள் தந்த அளவுகளும், 1924-ல் ஏற்கப்பட்ட ஒளிர்வு உணர்திறன் வளைவும் சேர்ந்துதான் 1931-ன் சர்வதேச நிற அளவுமுறை ஆனது. இன்றைய திரைகளின் நிறக் கணக்கெல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது. உடனே என்ன பயன் என்று கேட்டுத்தான் ஆய்வுக்குப் பணம் தருவோம் என்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கோடு மறைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த அந்த வேலைக்கு அன்று யாரால் பயன் சொல்லியிருக்க முடியும்?

இப்போதைய மாற்றத்துக்கு வருவோம். 2020 டிசம்பரில் பியோன் ஒட்டோசன் என்ற மென்பொருளாளர் ஓகேலேப் என்ற நிற முறையை வெளியிட்டார், யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று. அதன் உயிர் ஒரு கனமூலத்தில் இருக்கிறது. முதலில் திரையின் மூன்று எண்களை, கூம்பு செல்கள் வாங்கும் மூன்று சமிக்ஞைகளாக மாற்றுகிறது. பிறகு ஒவ்வொன்றுக்கும் கனமூலம் எடுக்கிறது. இருட்டறையில் ஒரு விளக்கு எரியும்போது இரண்டாவதை ஏற்றினால் பெரிய மாற்றம் தெரியும். பத்து எரியும்போது பதினொன்றாவதை ஏற்றினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். கண்ணின் இந்தச் சுபாவத்தைத்தான் கனமூலம் பிடிக்கிறது. ஒளியை எட்டில் ஒரு பங்காகக் குறைத்தால் இந்தக் கணக்கில் வெளிச்சம் பாதியாகத்தான் குறையும். கடைசியில் எண்களைக் கலைத்து அடுக்கி வெளிச்சம், பச்சை–சிவப்பு, நீலம்–மஞ்சள் என்று மூன்று அச்சுகளாகத் தருகிறது. இந்த அளவில் மஞ்சளின் வெளிச்சம் 97, நீலத்தின் வெளிச்சம் 45.

சிவப்பு, பச்சை, நீல எண்களை மட்டும் வைத்த பழைய முறையில் நீலத்திலிருந்து மஞ்சளுக்கு ஒரு கிரேடியன்ட், அதாவது ஒரு நிறம் மெல்ல இன்னொன்றாக மாறும் பட்டை, போட்டுப் பாருங்கள். நட்டநடுவில் மூன்று எண்ணும் சமமாகி, அழுக்குச் சாம்பல் நிறம் வந்து நிற்கும். ஓகேலேபையே நிறக்கோணம், செறிவு என்று எழுதும் ஓகேஎல்சிஎச் வடிவத்தில் அதையே போட்டால் நடுவில் பச்சை கலந்த நீலம் துலங்கும்.

2023-க்குள் முக்கிய பிரவுசர்கள் எல்லாம் இதை ஏற்றுக்கொண்டன. இணையதளங்களுக்கான ஆயத்த வடிவமைப்புத் தொகுப்பான டெயில்விண்ட், 2025-ல் வந்த நான்காம் பதிப்பில் தன் நிறத் தொகுப்பையே இதற்கு மாற்றியது. ஒரே ஒரு நிறத்தைக் கொடுத்து, வெளிச்ச எண்ணை மட்டும் படிப்படியாக மாற்றி, டார்க் மோட் உட்பட ஒரு தளத்துக்கு வேண்டிய அத்தனை சாயல்களையும் வரவழைக்கலாம். நீலம் நம்பிக்கை தரும், சிவப்பு பட்டன் விற்பனையைக் கூட்டும் என்று ஒரு பட்டியல் சுற்றிக்கொண்டே இருக்கிறதே, அது என் பார்வையில் மூடநம்பிக்கை. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 ஒளிர்வு விகிதம் வேண்டும் என்ற அணுகல் விதி (பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் படிக்க முடிய வேண்டும் என்பதற்கானது) அப்படியல்ல, அளந்து பார்க்கக்கூடியது. அதன்படி நம் வாசகரின் நீலத்தில் வெள்ளைக்கு 8.6 கிடைக்கிறது. மஞ்சளில் வெறும் 1.07.

வெளிச்சத்தைக் குறைத்து மஞ்சளைச் சரிசெய்யலாமே என்றும் அவர் கேட்கலாம். குறைக்கலாம்தான். ஆனால் வெள்ளை எழுத்தைத் தாங்கும் அளவுக்கு இறக்கினால் அது பாசியும் பழுப்புமாக மாறிவிடும், மஞ்சள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மஞ்சளை அப்படியே விட்டுவிட்டு எழுத்தைக் கருப்பாக்குங்கள். விகிதம் 19.5-ஐத் தாண்டிவிடும்.